‘பாடுதல்’ என்று பாடக் கூடாதா?

செவிச்செல்வம் - வாராவாரம் ஓர் ஊரின் பாட்டு

ஒரு பாட்டுப் போட்டி. அதற்கு ஒரு நாடு ஒரு பாட்டை அனுப்புகிறது. பாட்டின் பெயருக்கு அந்த நாட்டு மொழியில் ‘பாடுதல்’ என்று அர்த்தம். போட்டி நடத்துகிறவர்கள், “எல்லாம் சரி, அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்கிறார்கள்.

பாட்டுப் போட்டியில் ‘பாடுதல்’ என்று பாடக் கூடாது! கேட்கவே வேடிக்கையாக இல்லை?

2025-ல் நிஜமாகவே நடந்தது இது. போட்டியின் பெயர் யூரோவிஷன். ஐரோப்பா முழுக்க வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் குடும்பமாக டி.வி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் திருவிழா. நாடு, மால்டா. பாடியவர் மிரியானா கோன்டே. பாட்டின் பெயர் ‘கன்ட்’. மால்டா மொழியில் பாடுதல், பாட்டு என்று பொருள். ஆனால், ஆங்கிலக் காதுக்கு அது சபையில் சொல்லக் கூடாத ஒரு வசவைப் போல ஒலிக்கும்.

மிரியானாவுக்கு அது தெரியாமல் இல்லை. அந்தச் சிலேடைதான் பாட்டின் குறும்பே. ஆனாலும், போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் ‘சர்விங்’ என்று மாறியது. பாட்டுக்குள்ளும் அந்தச் சொல் காணாமல் போனது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? விட்டுப்போன இடத்தில் அவர்களே அந்தச் சொல்லைச் சேர்த்துப் பாடினார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்த இறுதிச் சுற்றில் மிரியானாவுக்குக் கிடைத்தது 17-வது இடம். போட்டி முடிந்தது. எனக்கு மட்டும் அந்த ஒற்றைச் சொல் மனசில் தங்கிவிட்டது. தன் மொழியில் ‘பாடுதல்’ என்று சொல்வதற்கே இந்தப் பாடு படும் ஊரில், மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள்? அன்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தேன். ரெண்டு மூணு வாரம் வீட்டில் வேறு பாட்டே ஓடவில்லை!

மொகப்பத்துக்குச் சொந்தக்காரி

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம். இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் கிடக்கும் தீவுகள்தாம் மால்டா. மால்டா, கோசோ, குட்டியாக கொமினோ. எல்லாம் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மொத்த நாடும் அடங்கி, இன்னும் இடம் மிச்சமிருக்கும். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 5.2 லட்சம்.

மால்டா மொழிக்கு வேர் அரபு. ஆனால், எழுதுவது ஆங்கிலம் போல ரோமன் எழுத்தில். வீட்டுச் சொற்களில் பாதிக்கு அரபு வாடை அடிக்கும். சங்கீதம், சமையல் என்று வந்தால் இத்தாலிய வாடை. ஆபீஸ் பேச்சில் ஆங்கிலம். ஐரோப்பிய யூனியனின் ஆட்சிமொழிகளில் அரபுக் குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான்.

இந்த மொழியில் காதலுக்குச் சொல் ‘இம்ஹப்பா’. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஹிந்திப் பாட்டில் ஆயிரம் தடவை கேட்ட ‘மொகப்பத்’தின் ஒன்றுவிட்ட சகோதரி! இரண்டுக்கும் அரபுதான் பூர்வீகம். இதயம் அங்கே ‘அல்ப்’. எழுத்தில் இருக்கும் முதல் மெய்யைப் பேச்சில் விழுங்கிவிடுகிறார்கள். நம்மூர் இஸ்லாமியர் வீடுகளில் புழங்கும் ‘கல்பு’தான் அது. புத்தகத்துக்கு ‘க்தீப்’. நம் கிதாபு! பெரும்பாலும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் வாழும் இந்த நாட்டில், தேவாலயத்தில் கடவுளை அழைக்கும் சொல் ‘அல்லா’. மொழி எப்போதுமே மதத்தைவிட நீளமாகப் பயணம் போயிருக்கிறது, பாருங்கள்.

‘ஆனா’வில் தொடங்குவோம்

புதுப் பாட்டுக்குப் போவதற்கு முன்னால், பழைய வேரைக் கொஞ்சம் தொட்டுவிடுவோம். மால்டாவின் நாட்டுப்பாட்டுக்குப் பெயர் ‘ஆனா’. நம் பிள்ளைகள் ‘ஆனா, ஆவன்னா’ என்று ஆரம்பிக்கிற மாதிரி, மால்டா இசையை ஆனாவில்தான் ஆரம்பிக்க வேண்டும். 2021-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது.

இதில் ஒரு வகைக்கு ‘ஸ்பிர்டு ப்ரொண்ட்’ என்று பெயர். கிடார்க்காரர்கள் பின்னால் வாசிக்க, பாட்டுக்காரர்கள் எதிரும் புதிருமாக நின்று, அந்த நிமிஷத்தில் தோன்றுவதை நாலு நாலு அடியாக எதுகையோடு பாடி ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். கை ஓங்கக் கூடாது, குரல்தான் ஓங்கலாம். இன்னொரு வகை கதைப்பாட்டு. ஊரில் நடந்த கொலை, விபத்து, சோகம் எல்லாம் இதில் வரும். மூன்றாவது வகையில் குரலை உச்சிக்கு ஏற்றி இழுத்துப் பாடுவார்கள். துணி துவைக்கும் இடத்திலும் மொட்டை மாடியிலும் பெண்கள் பாடி வளர்த்த மரபு அது.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஸ்பிர்டு ப்ரொண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்டி, இவங்க ரெண்டு பேரும் சண்டை போடுறாங்களா?”

“ஆமாம்மா. ஆனா பாட்டுல.”

“அதானே பார்த்தேன். நம்ம ஊர் லாவணி மாதிரில்ல இருக்கு! அந்த மொட்டைத் தலைக்காரன்தான் ஜெயிப்பான், பாரு.”

அம்மாவுக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால், விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன்தான், “புரியாத பாஷைல பாட்டு கேட்டு என்னம்மா பண்ணப் போற?” என்றான். அவனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

ஊருக்கு ஊர் பேண்டு

இத்தனை சின்ன நாட்டில் இத்தனை பாட்டுக்காரர்கள் எப்படி? பெரிய காரணம், ஊருக்கு ஊர் இருக்கும் பேண்டு கிளப்புகள். கோடையில் ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ப் புனிதரின் திருவிழா. தெருவெல்லாம் தோரணம், வாணவேடிக்கை, பித்தளை வாத்தியங்களோடு ஊர்வலம். இந்த ஊர்த் திருவிழாவையும் 2023-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஊர்வலத்தில் வாசிக்க ஆள் வேண்டுமே! அதனால் அந்தந்த கிளப்பே பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுக்கொடுக்கிறது. ஏழெட்டு வயதில் கையில் டிரம்பெட்டோ கிளாரினெட்டோ வந்துவிடும்.

ஒரே ஊரில் இரண்டு கிளப் இருந்தால் போட்டி அனல் பறக்கும். கோசோ தீவின் தலைநகர் விக்டோரியா. மொத்தத் தீவிலும் நாற்பதாயிரம் பேர் இருந்தால் அதிகம். ஆனால், ஒரே தெருவில் இரண்டு ஓபரா தியேட்டர்! ஒன்று ‘அஸ்த்ரா’, இன்னொன்று ‘அவ்ரோரா’. இரண்டு பேண்டு கிளப்புகளுடையவை. வருஷா வருஷம் அக்டோபரில் ஆளுக்கோர் ஓபரா போட்டு அசத்துகிறார்கள். பங்காளிச் சண்டையில் ஊருக்கே லாபம் கிடைத்த கதை இதுதான்.

சந்துக்குள் வந்த ராக்

மால்டா 1800-லிருந்து 1964 வரை பிரிட்டிஷ் வசம் இருந்தது. தலைநகர் வல்லெட்டாவில் ‘ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட்’ என்று ஒரு சந்து உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். கப்பல் படை வீரர்கள் கரையிறங்கினால் அங்கேதான். அவர்களை மகிழ்விக்க ஒவ்வொரு மதுக்கடையிலும் ஒரு இசைக்குழு. ஜாஸும் நடனப் பாட்டும் மால்டாக்காரர்களின் விரல்களுக்குப் பழகியது அப்படித்தான். அதோடு சேர்ந்து, அந்தத் தெருவில் வாசிப்பவர்களுக்குக் கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது.

அறுபதுகளில் பீட்டில்ஸ் அலை அடித்தபோது மால்டா இளைஞர்களும் கிடாரைத் தூக்கினார்கள். அந்தத் தலைமுறையின் நாயகன் ஃப்ரெடி போர்டெல்லி. ‘மால்டா பம்ஸ்’ என்ற குழுவின் பாடகர். அவருடைய ‘முர் ஹல்லினி’யை (‘போ, என்னை விட்டுவிடு’ என்று அர்த்தம்) இன்றைக்கும் மால்டாவில் தாத்தாவும் பாடுவார், பேரனும் பாடுவான். ராக் அண்ட் ரோல் ஆங்கிலத்தில்தான் வரும் என்றிருந்த காலத்தில், அதை வீட்டு மொழியில் பாட முடியும் என்று காட்டிய தலைமுறை அது.

ஆங்கிலமா, அம்மா மொழியா?

இங்கேதான் மால்டா கலைஞர்களின் நிஜமான சிக்கல் தொடங்குகிறது. அந்த ஊரில் இரண்டு ஆட்சிமொழிகள். மால்டா மொழி, ஆங்கிலம். மால்டா மொழியில் பாடினால் கேட்க அதிகபட்சம் ஐந்து லட்சம் பேர். ஆங்கிலத்தில் பாடினால் உலகமே சந்தை. ஆனால், அந்தச் சந்தையில் உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

யூரோவிஷன் கணக்கைப் பாருங்கள். மால்டா முதன்முதலில் போனது 1971-ல். பாட்டு மால்டா மொழியில். கடைசி இடம். 1972-ல் மறுபடியும் மால்டா மொழியில். பாட்டின் பெயர் நாம் பார்த்த அதே காதல், ‘லிம்ஹப்பா’. மறுபடியும் கடைசி இடம்! 1975-ல் ஆங்கிலத்தில் பாடிவிட்டு ஒதுங்கிய நாடு, 1991-ல்தான் திரும்பியது.

திரும்பி வந்தபோது அதிர்ஷ்டம் இருந்தது. அன்றைய விதிப்படி ஒவ்வொரு நாடும் தன் ஆட்சிமொழியில்தான் பாட வேண்டும். ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருந்ததால் பிரிட்டன், அயர்லாந்துக்கு அடுத்து மால்டாவுக்கும் ஆங்கிலத்தில் பாட வாய்ப்பு. 1992-ல் மேரி ஸ்பிடெரி மூன்றாம் இடம். 1998-ல் கியாரா மூன்றாம் இடம். 2002-ல் ஐரா லோஸ்கோ 12 புள்ளியில் முதலிடத்தைக் கோட்டைவிட்டு இரண்டாவது வந்தார். 2005-ல் கியாரா மறுபடி வந்து இரண்டாம் இடம். 2021-ல் டெஸ்டினி ஏழாம் இடம். குழந்தைகளுக்கான ஜூனியர் யூரோவிஷனை 2013-லும் 2015-லும் ஜெயித்தே விட்டார்கள். 2015-ல் ஜெயித்த சிறுமியும் இதே டெஸ்டினிதான்.

இத்தனை வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. 1972-க்குப் பிறகு 2025 வரை, முழுக்க மால்டா மொழியில் ஒரு பாட்டுகூட அந்த மேடைக்குப் போகவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரே ஒரு மால்டா சொல் பாட்டின் தலைப்பாகப் போனது. அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 2012-ல் மெட்டா-நெட் என்ற ஐரோப்பிய ஆய்வுக் கூட்டமைப்பு, கம்ப்யூட்டர் யுகத்தில் பின்தங்கிப் போகும் ஆபத்து எந்தெந்த மொழிக்கு என்று அலசியது. மிக அதிக ஆபத்தில் இருப்பவை என்று அது சொன்ன பட்டியலில் மால்டா மொழியும் உண்டு. நாளெல்லாம் போனைத் தடவும் பிள்ளைகளுக்கு அந்தப் போனுக்குள் தங்கள் மொழி தட்டுப்படவில்லையென்றால், அடுத்த தலைமுறையில் அது பாட்டி மொழியாகிவிடும். பாட்டு, அந்த மொழியைப் போனுக்குள் கொண்டுபோகும் சுலபமான வழி.

இன்றைய குரல்கள்

அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். சத்தமாகச் செய்பவர்களும் உண்டு!

‘தி டிராவலர்ஸ்’ கோசோ தீவின் பையன்கள். பெயர்தான் ஆங்கிலம், பாட்டு மால்டா மொழி. காலையில் ஜன்னலைத் திறந்தால் வரும் வெளிச்சம் மாதிரியான துள்ளல் பாப். இவர்களுடைய ‘செம்ப்லிச்சி’யிலிருந்து ஆரம்பியுங்கள். ‘எளிமையானது’ என்று அர்த்தம், கேட்கவும் அப்படியே.

‘ப்ரிக்கூனி’ இதற்கு நேர் எதிர். பெயருக்கே ‘போக்கிரிகள்’ என்றுதான் பொருள். மரியோ வெல்லா என்ற பாடகரின் தலைமையில் வந்த குழு. 2008-ல் இவர்களின் முதல் ஆல்பம் ‘குன்த்ரபாந்தா’ வந்தது. கள்ளக்கடத்தல் என்று அர்த்தம்! நாட்டுப்புற மெட்டு, ஊர்வல பேண்டின் வாடை, நடுவே ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து உலுக்கும் நக்கல். மொழி புரியாமல் கேட்டாலும், யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிறார் என்பது புரியும்.

‘எய்டன்’ முழுக்க இளமை. இவருடைய ‘நஹ்ஸெப் ஃபிக்’ (‘உன்னையே நினைக்கிறேன்’) மால்டா மொழியிலேயே பாடி இளைஞர்களை ஆட வைத்த பாட்டு. தாய்மொழியில் பாடினால் ஸ்டைல் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு நல்ல பதில்.

ஆங்கிலத்தில் பாடுபவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. ‘பீன்க்ரோயர்ஸ்’ என்ற மூவர் குழுவின் பாட்டு, ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் ‘லேண்ட் ஆஃப் ப்ளென்டி’ படத்தில் இடம்பெற்றது. அலிசன் கலேயாவின் குரலில் ஒரு மயக்கம் இருக்கும், மழை நாளுக்கு ஏற்றது. 2023-ல் யூரோவிஷன் போன ‘தி பஸ்கர்’ குழு சாக்ஸபோனும் கையுமாகக் குதூகலம். அரையிறுதியைத் தாண்டவில்லை. ஆனால், கல்யாண வீட்டுக்கு அந்தப் பாட்டு கச்சிதம். இடி மாதிரி வேண்டுமென்றால், 1991-லிருந்து முழங்கிக்கொண்டிருக்கும் ‘பிஹெடட்’ என்ற மெட்டல் குழு இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்!

கடல்தான் எல்லை

இவர்களில் பலருக்குப் பாட்டு மட்டும் சோறு போடுவதில்லை. 2013 யூரோவிஷனில் ‘டுமாரோ’ பாடி எட்டாம் இடம் பிடித்த ஜியான்லூகா பெஸினா ஒரு டாக்டர். பகலில் வேலை, ராத்திரி ரிகர்சல்.

ஊர் சின்னது. ஒரு மாசத்தில் மூன்று கச்சேரி செய்தால், வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்துபோயிருப்பார்கள். மற்ற ஐரோப்பியக் குழுக்களைப் போல வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போக முடியாது. பக்கத்தில் இருப்பது கடல். சிசிலியே சுமார் 90 கிலோமீட்டர். கப்பலோ விமானமோ, கிடாருக்கும் சேர்த்துக் காசு. அதனால்தான் இவர்களுக்குப் போனில் கேட்கும் நீங்களும் நானும் முக்கியம்.

எப்படித் தேடுவது?

யூடியூபில் வெறுமனே ‘மால்டா’ என்று போட்டால் கடற்கரையும் ஹோட்டலும்தான் வரும். குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மால்டா எழுத்துகளில் சிலவற்றின் மேல் புள்ளியும் குறுக்கே கோடும் இருக்கும். கவலைப்படாமல் சாதாரண ஆங்கில எழுத்தில் தட்டினாலே போதும், தேடல் கண்டுபிடித்துவிடும்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு குழுவைப் பிடித்ததும், அந்தப் பக்கத்தின் கீழே அதே ரசிகர்கள் கேட்கும் மற்ற கலைஞர்களின் வரிசை வரும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று, தீவையே சுற்றி வந்துவிடலாம். பேண்ட்கேம்ப் தளத்தில் ‘மால்டா’ என்ற ஊர்க் குறிச்சொல்லைத் தட்டினால், பெரிய கம்பெனி ஆதரவில்லாமல் தாங்களே பாட்டு வெளியிடும் குழுக்கள் வரிசையாக வரும். பிடித்திருந்தால் அங்கேயே ஒரு பாட்டைக் காசு கொடுத்து வாங்கலாம். ஓசியில் நூறு தடவை கேட்பதைவிட ஒரு தடவை வாங்குவது அவர்களுக்குப் பெரிது.

இந்த வாரம் கேட்க...

காலை நடைக்கு: தி டிராவலர்ஸ் - ‘செம்ப்லிச்சி’.

சமையல்கட்டுக்கு: ஃப்ரெடி போர்டெல்லி - ‘முர் ஹல்லினி’.

பிள்ளைகளோடு ஆட: எய்டன் - ‘நஹ்ஸெப் ஃபிக்’.

கோபம் தணிய: ப்ரிக்கூனி - ‘குன்த்ரபாந்தா’ ஆல்பம்.

அம்மா, அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க: ஏதாவது ஒரு ஸ்பிர்டு ப்ரொண்ட். யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டிக்கொள்ளுங்கள்.

மகனுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்தான். காதைத் தீட்டினேன். ‘நஹ்ஸெப் ஃபிக்’! பாதிச் சொல் தப்பு, மெட்டு மட்டும் பிசகவில்லை.

“புரியாத பாஷைனு சொன்னியே?” என்றேன்.

“புரியலதான். ஆனா வாயில வந்து உட்கார்ந்துக்கிச்சே!” என்றான்.

அன்றைக்கு அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். ஐந்து லட்சம் பேர் பேசும் ஒரு மொழியின் இரண்டு சொற்கள், கடல் தாண்டி எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மேடையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிடலாம். வாயில் உட்கார்ந்துவிட்ட சொல்லை யார் எடுப்பது?

கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் எந்தப் பாட்டு வாயில் உட்கார்ந்தது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் வேறோர் ஊரில் சந்திப்போம்.